புதுப்பிப்பு: விண்கல்லைக் கண்காட்சியில் வைத்தாயிற்று

என்னிடமுள்ள, அர்ஜென்டினாவில் விழுந்த காம்போ டெல் சியலோ இரும்பு விண்கல்லில் துரு பூக்கிறது, தருமபுரியில் பள்ளிக் கண்காட்சியில் எப்படி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர்த்தினேன். இப்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய அக்ரிலிக் பெட்டியில் இருக்கிறது. மண்ணில் கிடந்தபோது உள்ளே புகுந்த குளோரைடுதான் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கிறது. எண்ணெய் பூசினால் மட்டும் நிற்காது. மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி மாற்றியே ஆக வேண்டும்.

பிள்ளைகள் அதிகம் கேட்டது, "இதைவிடப் பெரிசு இருக்கா?" என்பதுதான். நமீபியாவின் ஹோபா விண்கல் சுமார் 60 டன். 1920-இல் கண்டெடுத்த இடத்திலேயே இன்றும் கிடக்கிறது. நியூயார்க் அருங்காட்சியகத்தில் கிரீன்லாந்திலிருந்து வந்த 31 டன் அனிகிடோ விண்கல்லைத் தாங்கும் தூண்கள், கட்டடத்துக்கு அடியிலுள்ள பாறை வரை இறங்குகின்றன! அதைச் சொன்னதும் அத்தனை பேரும் தரையைக் குனிந்து பார்த்தார்கள்.

அப்புறம், பக்கத்திலேயே கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த 4,200 ஆண்டு பழமையான இரும்பைப் பற்றியும் ஒரு அட்டை வைத்தோம். நம் மண்ணின் இரும்பையும் வானத்து இரும்பையும் சேர்த்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.