அறுவடையில் விதை எடுத்துவைப்பதை உலக வர்த்தக ஒப்பந்தம் தடுக்கிறதா?

வரப்போரம் கேட்டது:
உலக வர்த்தக அமைப்பில் இந்தியா உறுப்பினராக இருப்பதால், ஒரு நிறுவனம் பதிவு செய்த ரகத்தை அறுவடை செய்து, அதிலிருந்து விதை எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பது குற்றம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னார். குஜராத் உருளைக்கிழங்கு வழக்கையும் சான்றாகக் காட்டினார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதா?

நெற்களம்:
இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் 1995இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 27.3 (பி) பிரிவு, தாவரங்களுக்குக் காப்புரிமை தர மறுக்கும் உரிமையை நாடுகளுக்கு விட்டுவைத்திருக்கிறது. ஆனால் புதிய பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை வழியாகவோ தனிச்சட்டம் வழியாகவோ ஏதேனும் பாதுகாப்பு அளித்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தத் தனிச்சட்டத்தின் உள்ளடக்கத்தை அது வரையறுக்கவில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான் 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 39ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற ரகமே ஆனாலும் உழவர் அதன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கவும் செய்யலாம். வணிகப் பெயரிட்ட விதையாக விற்பது மட்டுமே கூடாது.

கரிசல்:
குஜராத் வழக்கை அரைகுறையாகவே பலரும் சொல்கிறார்கள். 2019இல் பெப்சிகோ நிறுவனம், தான் பதிவு செய்த எஃப்.சி.5 ரகத்தைப் பயிரிட்டதற்காகச் சாபர்காண்டா மாவட்ட உழவர்கள் நால்வரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. ஆகவே 39ஆவது பிரிவின் பொருள் அந்த வழக்குகளில் தீர்மானிக்கப்படவே இல்லை. பிறகு 2021இல் அந்தப் பதிவு நீக்கப்பட்டதும், 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நீக்கத்தை ரத்து செய்ததும், பெரும்பாலும் பதிவு விண்ணப்பத்தில் இருந்த குறைகளைப் பற்றிய வாதங்களே. சட்டம் உழவர் பக்கம் இருந்தாலும், கோடி ரூபாய் கேட்கும் நோட்டீஸ் கைக்கு வந்தால் சிறு உழவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்பது வேறு கதை.

வரப்போரம்:
நன்றி. அப்படியானால் வீரிய ஒட்டு விதையையும் எடுத்துவைக்கலாமா?

நெற்களம்:
சட்டப்படி தடையில்லை, ஆனால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறி விளைச்சல் குறையும் என்பதால் யாரும் வைப்பதில்லை. அங்கே நிறுவனத்துக்குச் சட்டத்தின் காவலே தேவைப்படுவதில்லை.

மேழி:
ஒன்றைச் சேர்க்கிறேன். டிரிப்ஸ் கேட்காததை இப்போது தனி வர்த்தக உடன்படிக்கைகள் கேட்கின்றன. பசிபிக் நாடுகளின் சி.பி.டி.பி.பி. உடன்படிக்கை, புதிய பயிர் ரகங்களை உருவாக்கியவர்களின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான யுபோவின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில் சேருவதைப் பொதுவாக உறுப்பு நாடுகளின் கடமையாக்குகிறது. யுபோவில், சொந்த நிலத்தில் மறுபடி விதைப்பதற்கு நாடுகள் விரும்பினால் வரம்புக்குட்பட்டு விலக்கு அளிக்கலாம்; பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை அண்டை வீட்டாருக்கு விற்பது அந்த விலக்கில் அடங்காது. இந்தியா யுபோவில் உறுப்பினர் அல்ல. எனவே அடுத்த கூட்டத்தில் அவர் டிரிப்ஸைப் பற்றிப் பேசினால், இனி கையெழுத்தாகப் போகும் இருதரப்பு உடன்படிக்கைகளில் யுபோவ் என்ற சொல் இருக்கிறதா என்று கேளுங்கள்.