குவைத், ஈராக் பக்கம் மண்காற்றில் மாட்டியவர்கள் எழுதுங்கள்

மங்காஃப் லெக்ஸ்பின்:
2011 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. அன்று குவைத்தில் இருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கட்டடங்களுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் எங்கள் மேட்ச். நான் போட்ட பந்தை பேட்ஸ்மேன் தூக்கி அடித்தான், நேராக மேலே போனது. மிட் ஆனில் கேட்சுக்கு அண்ணாந்து நின்ற கடலூர்ப் பையன் திடீரென்று கையை இறக்கிவிட்டான். என்னடா என்று திரும்பிப் பார்த்தால், வடமேற்கில் பாதி வானத்தைக் காணோம். பழுப்பு நிறத்தில் ஒரு சுவர், உச்சி சுருண்டு சுருண்டு முன்னால் விழுந்துகொண்டே வருகிறது. ஓடுங்கடா என்று யாரோ கத்தினார்கள். பக்கத்திலிருந்த அம்பயரின் வெள்ளைத் தொப்பிகூட மறைந்துபோனது. முதலில் எல்லாம் சிவப்பு, அப்புறம் முழு இருட்டு. அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. சவூதி மணல் மொத்தமும் எங்கள் தலையில்தான் கொட்டியிருக்கும்.

ஷுஐபா கிரேன்:
தம்பி, வடமேற்கிலிருந்து வந்தது என்று நீங்களே எழுதிவிட்டு சவூதி மணல் என்கிறீர்களே. அந்தப் பக்கம் இருப்பது ஈராக். மணலும் இல்லை அது. மணல் பருமன், கொஞ்ச உயரம் துள்ளித் துள்ளி விழும். அப்படி விழும்போது தரையை இடித்துப் பொடியைக் கிளப்பிவிடும். மேலே ஏறி ஊர் தாண்டி வருவது அந்தப் பொடிதான். தெற்கு ஈராக்கில் டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் காய்ந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு 1990களில் சதாம் அரசு அங்கிருந்த சதுப்பு நிலங்களை வடித்துவிட்டது. குவைத்துக்குள்ளேயும் 1991 போரில் டாங்கிகள் ஓடி, தரைக்கு மூடியாக இருந்த சரளைக்கல் படலம் கிழிந்தது.

அன்று உங்களுக்கு வந்த சுவர், குளிர்காற்று வெப்பக்காற்றுக்கு அடியில் புகுந்து தள்ளியதால் வந்தது. எனக்குக் கிடைத்தது ஜூலை மாத ஷமால், அதாவது இங்கே அடிக்கும் வடமேற்குக் காற்று. ஈரான், பாகிஸ்தான் பக்கம் வெயிலில் காற்றழுத்தம் குறையும், மேற்கே அழுத்தம் கூடுதல். நடுவில் ஈராக் சமவெளி வழியாக வடமேற்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும். வெயில் ஏற ஏற வேகம் கூடும், பொழுது சாய்ந்தால் பெரும்பாலும் அடங்கும். அப்படி ஒரு பகலில் லோடு அந்தரத்தில் தொங்குகிறது, கேபினிலிருந்து பார்க்கிறேன், கொக்கி தெரியவில்லை. வாக்கிடாக்கியில் சிக்னல்மேன் குரல் மட்டும்: "அண்ணே, எறக்காதீங்க, எனக்கே கீழ யாரு நிக்கிறான்னு தெரியல." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பஸ்ரா வெல்டர்:
கிரேன் அண்ணன் சொன்ன மண்ணுக்குள்ளேயே இருந்தவன் நான். 2022 மே மாதம். மழை பொய்த்திருந்தது, மேலே கட்டிய அணைகளால் ஆற்றிலும் தண்ணீர் குறைவு. ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்தது. மே 5 புயலில் மட்டும் ஈராக் முழுக்க 5,000 பேருக்கு மேல் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் எங்கள் கேம்ப் ஆளையும் கூட்டிப் போனேன், ஆஸ்துமாக்காரர். வாசலில் ஒரு கிழவர் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த பொடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். உள்ளே. மாஸ்க்குக்கு உள்ளே.

அப்தலி ரோடு:
என் கதை சின்னது. தண்ணி டேங்கர் ஓட்டும்போது முன்னால் போன பிக்கப் சட்டென்று காணாமல் போனது, டயரை உரசினாற்போல் நிறுத்தினேன். அவ்வளவுதான். ஆனால் வண்டி ஓட்டுபவர்கள் இதைக் கேளுங்கள். தூரத்தில் சுவர் தெரியும்போதே ரோட்டை விட்டு வெளியே போகும் வழி இருந்தால் வண்டியை அதில் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் தார் ரோட்டை விட்டு முடிந்த மட்டும் தள்ளி நிறுத்துங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், எல்லா லைட்டையும் அணையுங்கள், பிரேக் பெடலிலிருந்து காலை எடுங்கள். சிவப்பு விளக்கைப் பார்த்து, ரோடு அங்கேதான் போகிறது என்று பின்னால் வருகிறவன் நேராக வந்து இடிப்பான். அமெரிக்காவில் அரிசோனாக்காரர்கள் ஓட்டுநர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஏசியை உள்காற்றுக்கு மாற்றுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள், கண்ணைத் தேய்க்க வேண்டாம். வீட்டுக்குப் போனதும் ஏசி ஃபில்டரைக் கழுவுங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி வையுங்கள்.

மங்காஃப் லெக்ஸ்பின்:
லைட்டை அணைக்கச் சொல்கிறீர்களே, பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? நம்மூரில் எல்லோரும் ஹசார்ட் (நான்கு மூலையிலும் மினுக்கும் எச்சரிக்கை லைட்) போடுகிறார்கள்.

அப்தலி ரோடு:
சார், மறுபடி படியுங்கள். ரோட்டை விட்டு இறங்கி நின்ற பிறகுதான் அணைக்கச் சொன்னேன். ஓடும்போது லைட் எரியத்தான் வேண்டும்.