கீழ்வீட்டில் கூரையைத் தட்டுகிறார்கள்

கேள்வி: சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நான் இஞ்சி பூண்டு இடித்தால் போதும், கீழ்வீட்டுச் சீனப் பாட்டி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறார், பேசலாம் என்றால் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. புகார் கொடுக்கலாமா?

பதில் 1: இடிப்பது நீங்கள், புகாரும் நீங்களா? உரலுக்கு அடியில் சாக்கை நாலாய் மடித்துப் போடுங்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை இடிக்கவே வேண்டாம்.

பதில் 2: சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறதே! அங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். தீர்ப்பு சொல்ல 2015 முதல் நடுவர் மன்றமும் உண்டு, ஆனால் அதுவரை போனால் அப்புறம் மின்தூக்கியில் முகம் பார்க்க முடியாது.

பதில் 3: 2011இல் செய்தியில் வந்த கறி வாசனைத் தகராறு ஞாபகம் இருக்கா? இந்தியக் குடும்பம் சமைத்த கறியின் வாசனை பிடிக்காமல் பக்கத்துச் சீனக் குடும்பம் புகார் சொன்னதே! சமரசம் ஆன பிறகும் ஊரே கொதித்தது.

கேட்டவர்: 7 மணிக்கு மேல்தான் இடிக்கிறேன். சரி, சாக்கு போட்டுப் பார்க்கிறேன். பாட்டியின் பேரன் சனிக்கிழமை வருவான், அவனிடம் ஆங்கிலத்தில் பேசலாம்.