ஃபிராக்‌ஷனுக்குத் தமிழ்: பின்னம் வேண்டாம், கூறு எப்படி?

அன்புடையீர்,

கதிர்வீச்சு சிகிச்சையில் வரும் ஃபிராக்‌ஷனுக்குப் 'பின்னம்' என்று எழுதுவதை விட்டுவிடலாம் என்று நம் கலைச்சொல் குழுவைக் கேட்கவே இந்த மடல். மொத்தக் கதிரளவைப் பிரித்து ஒவ்வொரு முறையும் வைக்கும் பங்குதான் ஃபிராக்‌ஷன். அந்தத் தவறைச் செய்தவன் நானே என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தாராவியில் வாரம் இரண்டு நாள் திறக்கும் எங்கள் சிறு மருத்துவ நிலையத்தில் கதிர்வீச்சுக் கருவி எதுவும் கிடையாது. வெளியே சிகிச்சைக்குப் போய் வருகிறவர்களின் தோல் புண்ணையும் வாய்ப்புண்ணையும் கவனிப்பது, ஆங்கிலச் சீட்டைத் தமிழில் விளக்குவது, இவ்வளவுதான் எங்கள் வேலை. மும்பை பரேலில், புற்றுநோய்க்கான டாடா நினைவு மருத்துவமனை திறந்தது 1941இல். எங்கள் தெருக்களில் ஒருவர் 'டாடாவுக்குப் போகிறார்' என்றால் என்ன நோய் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

சென்ற மாதம் நான் மொழிபெயர்த்த துண்டறிக்கையில் '25 பின்னங்களாகக் கதிர்வீச்சு அளிக்கப்படும்' என்று ஒரு வரி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு சிகிச்சை தொடங்கவிருந்த ஓர் அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கருவாடு விற்கிறவர். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "பின்னமான சிலையைக் கோயிலில் வைத்துக் கும்பிட மாட்டார்கள். என்னையும் அப்படி எழுதிவிட்டீர்களா தம்பி?" என்றார். கணக்குப் பாடத்தைத் தவிர வேறெங்கும் பின்னம் என்றால் உடைந்தது, ஊனப்பட்டது என்றே பொருள். எழுதும்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் ஐந்து வார வியாபாரம் கெடாதே, ஏன் இழுத்தடிக்கிறார்கள்? அவருக்குக் குறித்திருந்தது 45 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு); நாளைக்கு 1.8 கிரே வீதம் 25 நாள், சனி ஞாயிறு விடுமுறை. ஒவ்வொரு முறையும் கதிர் பட்டு நல்ல உயிரணுக்களும் அடிபடுகின்றன, ஆனால் மறுநாளைக்குள் அவை தம்மைப் பெரும்பாலும் பழுதுபார்த்துக்கொள்கின்றன, புற்றணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு என்று விளக்கினேன். பாரிஸில் ரெகோ என்ற ஆய்வாளர் ஆட்டுக்கிடாக்களை வைத்துச் செய்த சோதனையையும் சொன்னேன். விதையை மலடாக்கும் அளவுக்குக் கதிரை ஒரே தடவையில் பாய்ச்சினால் மேல்தோல் வெந்துபோனது. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் பிழைத்தது. கூத்தார் என்ற மருத்துவர் இதே வழியைத் தொண்டைப் புற்றுக்குக் கொண்டுவந்தார். 1920களில் தொடங்கிய இந்தப் பழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது.

கிடாக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "கூறு போட்டு வைக்கிறார்கள் என்று எழுத வேண்டியதுதானே." அவர் கடையில் நெத்திலிக் கருவாடு கூறு கூறாகத்தான் இருக்கும். ஒரு கூறு பத்து ரூபாயா இருபது ரூபாயா என்பதுதான் பேச்சு.

குழுவில் முன்பு வந்த சொற்களையும் பார்த்துவிட்டேன். 'அமர்வு' பொருந்தாது, நோயாளி படுத்திருக்கிறார். 'வேளை' மாத்திரைக்குப் போய்விட்டது. 'தவணை' தடுப்பூசியால் பழகிய சொல்தான். ஆனால் வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். இந்த மாதம் விட்டால் அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் கூடவே வரும். கதிர்வீச்சில் அது நடக்காது. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாக வைப்பது வழக்கமில்லை. நாட்கள் நீண்டால் புற்று மீண்டும் தலையெடுக்க இடம் கிடைக்கும். கர்ப்பப்பை வாய்க்கு, கருவியை உள்ளே செலுத்தி வைக்கும் கதிரையும் சேர்த்து, எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: ஃபிராக்‌ஷன் நாட்கூறு, ஃபிராக்‌ஷனேஷன் கூறிடல், ஒரு முறைக்கான அளவு கூறளவு. நாட்கூலி தெரிந்தவர்களுக்கு நாட்கூறு தானாகப் புரியும்.

ஹைப்போஃபிராக்‌ஷனேஷனில்தான் சறுக்கினேன். எண்ணிக்கை குறைவாக, ஒவ்வொன்றும் பெரிதாகப் பிரிப்பது அது. 'குறைகூறு முறை' என்று எழுதிப் பார்த்து, மாமியார் மருமகள் சண்டை போல் ஒலித்ததால் நானே அடித்துவிட்டேன். ஆங்கிலம் எண்ணிக்கை குறைவதைச் சொல்கிறது. நாம் ஒவ்வொரு கூறும் பெரிதாவதைச் சொல்லலாமே. மார்பகத்துக்கு 50 கிரேயை 25 ஆகப் பிரித்த இடத்தில் 40 கிரேயை 15 ஆக வைக்கிறார்கள். 26 கிரேயை ஐந்தே நாளில் வைத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2020இல் வெளிவந்தது. இவை பெருங்கூறு முறை. எதிர்ப்பக்கம், கூறைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது, சிறுகூறு முறை.

மாட்டுங்காவிலிருந்து,
துண்டறிக்கைக்காரன்

* * *

அன்புள்ள மும்பை நண்பருக்கு,

பெருங்கூறு பிடித்திருக்கிறது. நாட்கூறு பிடிக்கவில்லை. சிறுகூறு முறையில் ஒரே நாளில் இரண்டு முறை வைப்பதுண்டு, நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விட்டு. அப்போது 'நாள்' பொய்யாகிவிடும். உள்ளே வைக்கும் கதிருக்கும் தினசரிக் கணக்கு கிடையாது.

அதைவிடப் பெரிய தடை: நாளிதழ்த் தமிழில் பிரேதப் பரிசோதனைக்கு 'உடற்கூறாய்வு' என்று பெயர். இன்னொன்று, வேற்றுமை உருபு சேர்த்தால் 'கூற்றை' ஆகிறது. கூற்று என்றால் யமன். புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் யமனை நிறுத்துவானேன்?

இங்கே தில்லியில் இந்தி நோயாளிகள் 'சிகாயி' என்கிறார்கள், அதாவது ஒத்தடம். தவறான சொல்தான், ஆனால் பயமில்லாத சொல். நம் ஊர்க்காரர்கள் 'கரண்ட் வைக்கிறார்கள்' என்று சொல்லி, ஷாக் அடிக்குமோ என்று நடுங்கிக்கொண்டே படுக்கிறார்கள்.

* * *

ஐயா,

நாட்கூறில் 'நாள்' என்பதை எடுத்துவிட்டேன். வெறும் கூறு போதும். தேவைப்பட்ட இடத்தில் கதிர்க்கூறு.

உடற்கூறாய்வு செய்தித்தாளில் இருக்கிறது, தாராவியில் இல்லை. இங்கே அது போஸ்ட்மார்ட்டம்தான். ஆனாலும் 'உடல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கூறு வராமல் பார்த்துக்கொள்கிறேன். கூற்று விஷயத்தில் உங்கள் காது சரி, ஆனால் சந்தையில் யாரும் 'அந்தக் கூற்றை எடு' என்று கேட்டதில்லை, 'அந்தக் கூறை எடு' என்கிறார்கள். கூறு என்பதைக் கூற்றை ஆக்கும், ஒற்று இரட்டும் இலக்கண விதியிலும் 'பெரும்பாலும்' என்ற இளக்கம் உண்டு. எங்கள் பகுதியில் நான் பயப்படுவது 'கூறுகெட்டவன்' என்ற வசவுக்குத்தான். ஒரு நாள் வராமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

கட்டம் போட்ட அட்டை ஒன்றைத் தயாரித்திருக்கிறேன்: கூறு எண், தேதி, வந்தாரா என்று மூன்று பத்திகள். அச்சுக்குக் கொடுக்கவில்லை. நேற்று மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். இயந்திரம் பழுதாம், இன்று கூறு இல்லையாம், பதினேழோடு நிற்கிறதாம். விட்ட கூறைச் சனிக்கிழமை வைப்பார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.