சிஜே3பி ஜீப்பில் எக்ஸ்டிபி 4.90 டீசல் ஏற்றிய பிறகு: ஏற்றத்தில் சூடு, காலையில் ஏர், கியரில் கரகரப்பு. உதவி தேவை

கூடலூர்_சிஜே

வணக்கம். வண்டி மஹிந்திரா சிஜே3பி. ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை (2199 சிசி) இறக்கிவிட்டு, எம்எம்540-ல இருந்து எடுத்த பெஜோ எக்ஸ்டிபி 4.90 டீசல் (2112 சிசி) ஏத்தியாச்சு. மைகோ விஇ ரோட்டரி பம்ப், தனி ஃபீட் பம்ப் கிடையாது. கியர்பாக்ஸ் பழைய டி90 மூணு கியர். நடுவுல லேத்ல போட்ட 20 மி.மீ. அடாப்டர் பிளேட். ஆக்சில் கியர் விகிதம் 5.38, டயர் 6.00-16. ரேடியேட்டர், டேங்க், வயரிங் எல்லாம் பெட்ரோல் வண்டியோட பழசு.

400 கி.மீ. ஓடியிருக்கு. இப்போ இருக்கிற தொந்தரவு:

1. சமவெளியில சூடு 80-லயே நிக்குது. கூடலூர்ல இருந்து நடுவட்டம் ஏறும்போது ரெண்டாவது கியர்ல நாலஞ்சு கி.மீ. போனதும் 100-ஐத் தாண்டுது.
2. காலையில முதல் செல்ஃப்லயே பிடிக்குது, அரை நிமிஷம் ஓடி நின்னுடுது. அப்புறம் கை பம்பை 40, 50 தடவை அடிச்சாத்தான் ஓடும். அதுக்கப்புறம் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை.
3. முதல் கியரும் ரிவர்சும் கரகரன்னுதான் விழுது. கிளட்ச் பெடல்ல அதிர்வு. பைலட் பேரிங் (கிராங்க் முனையில கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டோட மூக்கைத் தாங்குறது) 300 கி.மீ.லயே போய், புதுசு போட்டாச்சு.
4. சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிக்கலை. டாப் கியர் போட்டுக் கிளட்சை விட்டுத்தான் நிறுத்தணும்.

பார்க்கிற எல்லாரும் இன்ஜின் போச்சு, வேற மாத்துன்னு சொல்றாங்க. இறக்குறதுக்கு முன்னாடி எதை எதைப் பார்க்கணும்?

நாசில்_பம்ப்

இன்ஜினை இறக்காதீங்க தம்பி. முதல் செல்ஃப்ல பிடிக்கிற இன்ஜினுக்குக் கம்ப்ரஷனும் இருக்கு, ஹீட்டர் பிளக்கும் வேலை செய்யுது. ரெண்டாவது தொந்தரவு ஏர்தான், அதாவது டீசல் லைன்ல காத்து.

ஃபீட் பம்ப் இல்லாததால டேங்க்ல இருந்து டீசலை இழுக்கிறது விஇ பம்புக்குள்ள இருக்கிற வேன் (இறக்கை) பம்ப். அதனால டேங்க் முதல் பம்ப் வரைக்கும் லைன் முழுக்க உறிஞ்சலில் இருக்கு. அங்க இணைப்பு தளர்ந்திருந்தா டீசல் வெளியே சொட்டாது, காத்து உள்ளே போகும். ஈரமே இல்லையேன்னு ஏமாந்துடுவோம். உங்க டேங்க் சீட்டுக்கு அடியில, பம்பை விடத் தாழ்வா இருக்கு. ராத்திரி முழுக்க லைன்ல நிக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிடும். பம்புக்குள்ள மிச்சம் இருக்கிறதுதான் அந்த அரை நிமிஷ ஓட்டம்.

உறுதி பண்றது சுலபம். 5 லிட்டர் கேன்ல வடிகட்டின டீசலைப் பானெட் உயரத்துல கட்டுங்க. உள்ளே தெரியுற 8 மி.மீ. ஹோஸ்ல நேரா பம்போட இன்லெட்டுக்குக் கொடுங்க, ரிட்டர்னையும் (மிச்ச டீசல் திரும்பி வர்ற லைன்) அந்தக் கேனுக்கே விடுங்க. ரெண்டு காலை தொடர்ந்து பாருங்க. ஒழுங்கா ஓடுச்சுன்னா பம்ப் மேல குத்தம் இல்லை, லைன்லதான்.

ஒரு கேள்வி. பெட்ரோல் டேங்க்ல ரிட்டர்ன் பைப்பே இருக்காது. உங்க ரிட்டர்னை எங்க கொடுத்திருக்கு?

கூடலூர்_சிஜே

ஃபில்டர் இன்லெட்ல ஒரு டீ போட்டுச் சேர்த்திருக்காங்க அண்ணா.

நாசில்_பம்ப்

அதுதான் முதல் தப்பு. ரிட்டர்ன்ல சூடான டீசலும், பம்ப் வெளியேத்துற காத்துக் குமிழியும் சேர்ந்து வரும். அதைத் திரும்ப இன்லெட்லயே விட்டா ஏர் சுத்திச் சுத்தி வரும், டீசலும் ஆறாது. டேங்கைக் கழுவிட்டு ஒரு ரிட்டர்ன் பைப் பொருத்துங்க. அதோட முனை டேங்க் அடிவரைக்கும் போகணும். மேலேயே விட்டா இன்ஜின் நின்னதும் ரிட்டர்ன் வழியா காத்து ஏறி லைன் காலியாகும். வெல்டிங்னா கழுவினா மட்டும் போதாது. பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, வேலை நடக்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுத்தான் பத்த வைக்கணும்.

டேங்க்ல இருந்து வர்ற லைன் 8 மி.மீ. உள்விட்டம் இருக்கட்டும். பெட்ரோலுக்குப் போட்ட ரப்பர் ஹோஸ் ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க. துத்தநாகம் பூசின ஜி.ஐ. பைப் வேண்டாம், டீசலோட சேர்ந்து பிசுக்கு மாதிரி படிஞ்சு ஃபில்டரை அடைக்கும். ஃபில்டர் தலையில இருக்கிற பேஞ்சோ போல்ட்களுக்கு (நடுவுல டீசல் போற ஓட்டை உள்ள போல்ட்) புது செம்பு வாஷர் போடுங்க. கிடைக்கலைன்னா பழசைச் செக்கச் செவேல்னு காய்ச்சித் தண்ணியில போட்டா மறுபடி மிருதுவாகும்.

லைன்ல நான்-ரிட்டர்ன் வால்வு (டீசலைப் பின்னாடி போக விடாதது) போட்டுச் சமாளிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. வேண்டாம். ஓட்டை அப்படியே இருக்கும், வால்வு அடைச்சுக்கிட்டா மலையில நின்னுடுவீங்க.

ஏர் எடுக்கும்போது முதல்ல ஃபில்டர், அடுத்து பம்ப் இன்லெட், கடைசியா நாசில் பக்கம் நாலு பைப் நட்டையும் அரைச் சுத்து தளர்த்தி, 10 விநாடி செல்ஃப், அரை நிமிஷம் ஓய்வு. டீசல் துடிப்போட வந்ததும் இறுக்குங்க. அந்தப் பீச்சுல விரலை வைக்கவே கூடாது. அந்த அழுத்தம் தோலுக்குள்ள டீசலை ஏத்திடும்.

ஆட்டோ_வயர்மேன்

நாலாவது பிரச்சினைக்கு ஒரே சோதனை. இன்ஜின் ஓடும்போது பம்ப் மேல இருக்கிற ஸ்டாப் சோலனாய்டு (கரண்ட் இருக்கிற வரைக்கும் டீசலைத் திறந்து வைக்கிற வால்வு) வயரைக் கழட்டுங்க. நின்னா சோலனாய்டு நல்லா இருக்கு, வேற வழியா கரண்ட் வருது. நிக்கலைன்னா பிளஞ்சர்ல அழுக்கு, கழட்டிச் சுத்தம் பண்ணணும்.

கரண்ட் வருதுன்னா முதல்ல சார்ஜ் லேம்ப்பைப் பாருங்க. ஆல்டர்னேட்டர் சுத்துற வரைக்கும் அதோட டி+ முனையில 14 வோல்ட் இருக்கும். சாவியை மூடினாலும் அது லேம்ப் வழியா பின்னாடி வந்து இக்னிஷன் வயரைத் தொடும். சோலனாய்டை இழுக்கத்தான் அதிகக் கரண்ட் வேணும். இழுத்ததைப் பிடிச்சு வைக்க அந்தக் கொஞ்சமே போதும். லேம்ப்பைக் கழட்டிப் பாருங்க. நின்னா, லேம்ப் வயர்ல 3 ஆம்பியர் டயோடு ஒண்ணு, வெள்ளிக்கோடு ஆல்டர்னேட்டர் பக்கமா.

கூடவே எர்த்தையும் பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல வைங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா பெட்ரோல் காலத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டு 35 சதுர மி.மீ. கேபிள் போடுங்க. ஹீட்டர் பிளக்கைச் சாவி சுவிட்ச் வழியா நேரா கொடுத்திருந்தா சுவிட்ச் கருகிடும். 70 ஆம்பியர் ரிலே கட்டாயம்.

ரேடியேட்டர்_ஷாப்

சூடு விஷயத்தில் அவசரப்பட்டு ஹெட் கேஸ்கெட் என்று முடிவு கட்ட வேண்டாம். வரிசையாகப் போங்கள்.

முதலில் மீட்டர் சொல்வது உண்மையா என்று பாருங்கள். பெட்ரோல் இன்ஜின் மீட்டரும் டீசல் இன்ஜின் சென்சாரும் ஜோடி சேராவிட்டால் வாசிப்பு பொய்யாக இருக்கும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பிடித்துப் பார்க்கலாம்.

அடுத்தது கேஸ்கெட். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே விடாமல் குமிழி வந்தாலோ, மூடியைப் போட்ட ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ கேஸ் கசிகிறது. அப்போதுதான் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் லைனர் (சிலிண்டரின் உள்குழாய்) பிளாக்கைவிட எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று நான்கிலும் அளக்காமல் மூடக் கூடாது. இது தண்ணீருக்குள் நிற்கும் வெட் லைனர். ஒன்று அமுங்கி நின்றாலும் புதுக் கேஸ்கெட் நிலைக்காது.

குமிழி இல்லையென்றால் ஏற்றத்தில் சூடு ஏறிய இடத்தில் ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல் ரேடியேட்டரின் மேல் டேங்க், கீழ் டேங்க் இரண்டிலும் சூட்டை அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: கோர் (ரேடியேட்டரின் குழாய்ப் பகுதி) அடைப்பு, உறிஞ்சலில் கீழ் ஹோஸ் ஒட்டிக்கொள்வது, வாட்டர் பம்ப். வித்தியாசம் ஆறேழு டிகிரிதான், ஆனால் இரண்டுமே கொதிக்கிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பைபாஸ் வழியை மூடுவதும் அதன் வேலைதான். அது இல்லாவிட்டால் ஒரு பங்குத் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும்.

கூடலூர்_சிஜே

நன்றி. ஒரு வாரம் சோதிச்சாச்சு.

கேன் சோதனையில ரெண்டு காலையும் நிக்காம ஓடுச்சு. சோலனாய்டு வயரைக் கழட்டினா நிக்குது, சார்ஜ் லேம்ப்பைக் கழட்டினாலும் நிக்குது. காலையில குமிழி இல்லை. நடுவட்டம் ஏத்தத்துல மேல் டேங்க் 104, கீழ் டேங்க் 98. ஃபேன் இடைவெளி 110 மி.மீ., ஷ்ரவுடு (ஃபேனைச் சுத்தி வர்ற கூடு) இல்லை. முழுசா மிதிக்கும்போது லேசா கருப்புப் புகை. வேகம் சுமார் 25.

ரேடியேட்டர்_ஷாப்

பதில் உங்கள் அளவிலேயே இருக்கிறது. 6 டிகிரி வித்தியாசம், காற்றுதான் குறை. 110 மி.மீ. தள்ளி ஷ்ரவுடு இல்லாமல் சுற்றும் ஃபேன், தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும். நீளமான ஸ்பேசர் வைத்து ஃபேனை முன்னால் தள்ளாதீர்கள், வாட்டர் பம்ப் பேரிங் போய்விடும். கோர் முழுவதையும் மூடும் ஆழமான பெட்டி ஷ்ரவுடு செய்யுங்கள். ஃபேன் இலையின் பாதி அதற்குள், பாதி வெளியே. சுற்றிலும் 15 முதல் 20 மி.மீ. விடுங்கள். டீசல் இன்ஜின் ரப்பர் மவுண்டில் நன்றாகவே ஆடும். பழைய கோர் இரண்டு வரிசை என்றால் மூன்று வரிசை போடுவது நல்லது.

இன்னொரு காரணம் ஓட்டும் விதம். டி90-இல் இரண்டாவது கியர் 1.55. உங்கள் ஆக்சிலுக்கும் டயருக்கும் 25 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 1,600 சுற்றுதான். காலில் முழு மிதி, ஆனால் ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகச் சுற்றுகின்றன. செங்குத்தான இடத்தில் முதல் கியரில் 18, 20-இல் ஏறினால் சுற்று 2,000-ஐத் தாண்டும், மிதியும் குறையும். கருப்புப் புகைக்குப் பம்பின் பின்புற ஃபுல் லோடு ஸ்க்ரூவை (அதிகபட்ச டீசல் அளவை வைப்பது) யாரோ திருகியிருக்கலாம். டர்போ இல்லாத இன்ஜின், ஊட்டி உயரமான 2,240 மீட்டரில் காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் அதிகமானால் சூடும் புகையும்தான் மிச்சம். பம்ப் டைமிங் பிந்தினாலும் சூடு ஏறும். ஸ்க்ரூவைப் பம்ப் டெஸ்ட் பெஞ்சிலும், டைமிங்கை இன்ஜினிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மூடி பழைய குறைந்த அழுத்தத்தில் இருந்தால் 0.9 பார் போடலாம். அதற்கு முன் கோரைப் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள்.

லேத்_அளவு

மூணாவது பிரச்சினையை யாரும் தொடலையே. எனக்கு இதுதான் பெரிய கவலை. பைலட் பேரிங் 300 கி.மீ.ல போகுதுன்னா கிராங்க் சென்டரும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சென்டரும் ஒரே கோட்டுல இல்லை. இப்படியே ஓட்டினா அடுத்து கியர்பாக்ஸ் முன் பேரிங் போகும், கிளட்ச் பிளேட் மையம் உடையும்.

கியர்பாக்ஸை இறக்கிட்டு பெல் ஹவுசிங்கையும் அடாப்டரையும் மட்டும் இன்ஜின்ல மாட்டுங்க. டயல் கேஜை ஃபிளைவீல் மேல நிறுத்தி, முள்ளு பெல் ஹவுசிங் துளையோட உள்சுவரைத் தொடட்டும். கிராங்கைக் கையால முழு வட்டம் சுத்துங்க. மொத்த ஆட்டம் 0.25 மி.மீ.க்குள்ள இருக்கணும். உண்மையான விலகல் அதுல பாதி. அடுத்து முள்ளை முகத்துல வெச்சு இன்னொரு வட்டம், பிளேட் சாய்ஞ்சிருந்தா அதுல தெரியும்.

அடாப்டர்ல டவல் பின் இருக்கா? போல்ட் இறுக்கத்தான், இடம் பிடிக்கிறது டவல் பின்தான். போல்ட் துளையில எப்பவும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். பின் இல்லாத பிளேட்டை எவ்வளவு துல்லியமாக் கடைஞ்சாலும் ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஒவ்வொரு இடத்துல உக்காரும்.

20 மி.மீ. பிளேட் கியர்பாக்ஸைப் பின்னாடி தள்ளியிருக்கு. அதனால இன்புட் ஷாஃப்ட் மூக்கு பைலட் பேரிங்குக்குள்ள முழுசா போகுதான்னு அளந்து பாருங்க. பாதிதான் போகுதுன்னா கிராங்க் முனையில பொருந்துற மாதிரி ஒரு புஷ் கடைஞ்சு பேரிங்கைப் பின்னாடி கொண்டு வரணும். ரிலீஸ் பேரிங்கும் அதே 20 மி.மீ. விலகியிருக்கும். ஃபோர்க் கோணம் மாறி கிளட்ச் முழுசா விடாது.

டி90-ல முதல் கியருக்கும் ரிவர்சுக்கும் சிங்க்ரோ (பல்லுங்க சேர்றதுக்கு முன்னாடி வேகத்தைச் சமப்படுத்துறது) கிடையாது. அதனால கிளட்சை மிதிச்சு பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. சத்தமில்லாம விழுந்தா கிளட்ச் விடுது. அப்பவும் கரகரத்தா பிளேட் ஒட்டுது, இல்லைன்னா பைலட் பேரிங் ஷாஃப்ட்டைப் பிடிச்சு இழுக்குது.

என் யோசனை, இந்த அடாப்டரே வேண்டாம். எம்எம்540-ல இந்த இன்ஜினுக்குன்னே வந்த பெல் ஹவுசிங்கும் கேஎம்டி90 நாலு கியர் பாக்ஸும் கிடைச்சா அதைப் போடுங்க. மேல சொன்ன 1,600 சுற்றுப் பிரச்சினையும் அதோட குறையும். கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) கோணமும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நீளமும் மட்டும் மறுபடி பார்க்கணும்.

நாலுசக்கரம்

ரெண்டு விஷயம். 5.38 ஆக்சில்ல டாப் கியர் 3,000 சுற்றுக்கு சுமார் 74 கி.மீ.தான் வரும். 4.27 போட்டா 93 வரைக்கும் போகும், ஆனா நடுவட்டம் ஏத்தத்துல இப்போ இருக்கிற இழுவை போயிடும். மலையிலயே ஓட்டுறவருக்கு 5.38-ஐ விடச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஆர்.சி. இன்ஜின் நம்பர், எரிபொருள் ரெண்டும் மாறியிருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல இதுக்குப் பதிவு அதிகாரியோட அனுமதி வேணும், அதை ஆர்.சி.யில ஏத்தணும். இல்லாம விபத்து ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கேள்வி கேக்கும். வண்டியை மறுபடி ரோட்டுல இறக்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அலுவலகத்துல கேட்டுடுங்க.

கூடலூர்_சிஜே

டயல் கேஜ் வெச்சுப் பார்த்ததுல மொத்த ஆட்டம் 0.62 மி.மீ. டவல் பின் இல்லவே இல்லை. இன்புட் ஷாஃப்ட் மூக்கு பேரிங்குக்குள்ள 5 மி.மீ.தான் போயிருக்கு. கேஎம்டி90-ம் பெல் ஹவுசிங்கும் தேடிக்கிட்டிருக்கேன். ரிட்டர்ன் பைப் போட்டாச்சு, மூணு நாளா காலையில கை பம்பைத் தொடலை. டயோடு போட்டதும் சாவியில நிக்குது. ஷ்ரவுடு வேலை நடக்குது. தகரம் எத்தனை மி.மீ. போடலாம்?

ரேடியேட்டர்_ஷாப்

1 மி.மீ. போதும், ஓரத்தை மடித்துவிடுங்கள். ரேடியேட்டர் சட்டத்தில் மட்டும் மாட்டுங்கள், ஒரு போல்ட்கூட இன்ஜினில் வேண்டாம்.

லேத்_அளவு

கியர்பாக்ஸ் கிடைக்கிற வரைக்கும் வண்டியை ஓட்டாதீங்க தம்பி. 0.62 ரொம்ப அதிகம். கேஎம்டி90 வந்ததும் அந்தப் பெல் ஹவுசிங்குக்கும் இதே டயல் கேஜ் சோதனையைப் பண்ணிட்டு அளவைப் போடுங்க.