ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது

பதினொரு வருடமாகச் சைகைமொழி இன்டர்பிரட்டராக இருக்கிறேன். போன வருடம் காத்மாண்டுவில், இன்டர்பிரட்டர்களைத் தேர்வு செய்பவர்களுக்கான பயிற்சி ஒன்றுக்குப் போனேன். காது கேளாதவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து உட்காரவைத்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தது கொல்கத்தாவைச் சேர்ந்த, காது கேளாத ஒரு அக்கா. இருவருக்கும் இந்தியச் சைகைமொழி என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை.

முதலில் போட்டுக் காட்டியது 2013 டிசம்பர் 10, ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த மண்டேலா நினைவுக் கூட்டம். ஒபாமா பேசப் பேச, பக்கத்தில் இன்டர்பிரட்டராக நின்றவர் கைகளை அசைத்துக்கொண்டே இருந்தார். அதில் மொழியே இல்லை. காது கேளாதவர்கள் பார்த்ததுமே சொல்லிவிட்டார்கள்; அவரை மேடையேற்றியவர்களுக்குத்தான் தெரியவில்லை. பல நாட்டுக் காது கேளாதவர்கள் கூடும் இடங்களில் பயன்படும் சர்வதேசச் சைகையின் இன்டர்பிரட்டர்களுக்கான அங்கீகாரத்தை உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் இன்டர்பிரட்டர்களின் உலகச் சங்கமும் சேர்ந்தே தருகின்றன. அது ஏன் என்று அன்று எனக்கு நன்றாக உறைத்தது.

அப்புறம் எங்கள் முறை. மருத்துவரும் நோயாளியும் பேசும் ஒரு காணொளி. நடுவில் இருந்த பெண்ணின் கைகள் அவ்வளவு சுத்தம், அவ்வளவு வேகம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட வேண்டும். நான் பத்துக்கு 8 போட்டேன். அக்கா போட்டது 4.

எனக்குச் சுருக்கென்றது. அவர் எதுவும் வாதாடவில்லை. மடிக்கணினியில் ஒலியை நிறுத்திவிட்டு, ஒரே ஓர் இடத்தை மறுபடி ஓட்டினார். மருத்துவர் கேட்டது "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று. நம் சைகைமொழியில் 'சாப்பிட்டீர்கள்' என்பதற்கும் 'சாப்பிட்டீர்களா' என்பதற்கும் கை ஒன்றுதான். தமிழில் கடைசியில் வரும் அந்த 'ஆ', அங்கே புருவம் உயர்வதிலும் தலை முன்னால் சாய்வதிலும் இருக்கிறது. இந்தப் பெண்ணின் புருவம் அசையவே இல்லை. நோயாளி சும்மா தலையாட்டிவிட்டார். மருத்துவர் அதை 'ஆமாம்' என்று எழுதிக்கொண்டார். மருத்துவரின் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்ததால், இல்லாத 'ஆ'வை என் காதே போட்டுக்கொண்டது. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை 'ஆ'வைத் தவறவிட்டேனோ என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் தலைகீழ். காது கேளாத பெண் சைகையில் சொல்வதை இன்டர்பிரட்டர் குரலில் சொல்ல வேண்டும். நம் சைகைமொழியில் மறுப்பு கடைசியில்தான் வரும். 'ஆபரேஷனுக்குச் சம்மதம்' என்பது வரை பார்த்துவிட்டு இன்டர்பிரட்டர் அவசரப்பட்டுப் பேசிவிட்டார். அதற்கு அடுத்து 'இல்லை' வந்தது. அவர் திருத்தவும் இல்லை. இது அக்காவுக்குத் தெரிய வழியே இல்லை. சைகையைப் பார்த்தவரை எல்லாம் சரியாக இருந்தது. குரலில் என்ன வந்தது என்று நான் சொன்னேன். நம்பாமல் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எங்கள் பெயரில் இப்படித்தான் பேசுகிறார்களா?" என்று கேட்டார்.