சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பிறகு குதிகால் வலி: பயிற்சியை எப்போது தொடங்குவது?

அம்மாவுக்கு வயது 64. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம், காலையும் இரவும். மூச்சிரைப்புக்கு ஏற்கெனவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரை முடிவதற்குள்ளேயே இரண்டு குதிகாலுக்கும் மேலே வலி. அங்கே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் தடித்து, தொட்டாலே துடித்துப்போனார்.

அறுபது தாண்டிய வயது, கூடவே ஸ்டீராய்டு என்றால் இந்த வகை ஆன்டிபயாடிக்கில் தசைநாண் பாதிக்கப்படும் ஆபத்து கூடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-லேயே மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை போட வைத்த விஷயம் இது. எழுதிக் கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை, அது வேறு கதை.

மருத்துவரிடம் சொன்னதும் வேறு ஆன்டிபயாடிக் மாற்றிக் கொடுத்தார். ஸ்கேனில் வீக்கம் இருந்தது, கிழிசல் இல்லை. ஐஸ் வைத்தோம், செருப்பில் குதிகாலுக்கு மெத்தை வைத்தோம், நடையைக் குறைத்தோம். இப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் காலையில் முதல் சில அடிகளும், படி இறங்குவதும் இன்னும் பெரும்பாடுதான். பிசியோதெரபிஸ்ட் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம் என்கிறார். எலும்பு மருத்துவர் பொறுக்கச் சொல்கிறார். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் தசைநாண் அறுந்துபோகலாம் என்பதால் துணிய முடியவில்லை.

இதே பாதிப்பிலிருந்து மீண்டவர்களும் சிகிச்சை தந்த பிசியோக்களும் சொல்லுங்கள்: வலி எந்த அளவுக்குக் குறைந்தபின் எடை தாங்கும் பயிற்சியைத் தொடங்கினீர்கள்?